பவுடருக்கு ஏமாறும் சாட்சி



ஊர்விட்டு வந்து உழைக்கும் நம்மிடம் முன்பெல்லாம் சீட்டைத்தான் கேட்டார்கள். இப்போது முகத்தைக் காட்டச் சொல்கிறார்கள். 2025 ஜூலை முதல், அங்கன்வாடியில் தாய்மார்கள் வீட்டுக்கு வாங்கிப்போகும் சத்துணவுக்கும் கேமரா முன் நிற்க வேண்டும். அந்த இயந்திரத்தின் யோக்கியதை என்ன?

அது நம்மைப்போல் முகம் பார்ப்பதில்லை. மூக்கு, கன்னமேடு, நெற்றி இவற்றின் வெளிச்சத்தையும் நிழலையும் எண்களாக்கி, கைவசமுள்ள படத்தின் எண்களோடு ஒத்துப் பார்க்கிறது. நிழலை மாற்றினால் எண்ணும் மாறிவிடும். 2021-இல் இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தார் 20 பேரைக் கேமரா முன் நடக்கவிட்டார்கள். ஒப்பனையின்றி நடந்தபோது 47.57 விழுக்காடு படங்களில் ஆளைக் கண்டுபிடித்தது. எந்த இடத்தைப் பார்த்து அது ஆளை அறிகிறதோ, அந்த இடமறிந்து பூசியபின் வெறும் 1.22! கூத்துக்காரர் அரிதாரமல்ல, தோழர்களே. கல்யாணத்துக்குப் பூசிக்கொள்ளும் பூச்சுதான்.

ஆக, விவரம் தெரிந்தவன் தப்பிப்பான். அகப்படுகிறவன் யார்?

டெல்லிக் காவல்துறை, முகம் 80 விழுக்காடு ஒத்துப்போனால் அதே ஆள் என்று கொள்கிறதாம். 2022-இல் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டபோது அவர்களே தந்த பதில் இது. அண்ணன் தம்பி முகமே அவ்வளவு ஒத்திருக்குமே!

"மெஷின் சொல்லிவிட்டது" என்று யாராவது உங்களை நிறுத்தினால், தனியாக நின்று மல்லுக்கட்டாதீர்கள். சங்கத்துக்கு ஆளனுப்புங்கள். வேறு சான்று என்ன இருக்கிறதென்று எழுத்தில் கேட்போம்.