குளத்தைக் காப்பது யார் கடன்?



ஏடு படித்தவர்களும் கல்வெட்டுப் படித்தவர்களும் குளக்கட்டோரம் பிறந்து வளர்ந்தவர்களும் ஒன்றாக அமர்ந்திருக்கும் அவை இது. இதற்குத் தலைமை ஏற்பது எனக்குக் கிடைத்த பெரும்பேறு. உள்ளூர ஓர் அச்சமும் உண்டு. நான் சொல்லப்போகும் ஒவ்வொரு கதைக்கும் வேறு பாடம் அறிந்தவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள்.

மாநாட்டின் பொருள், நீர்நிலைகளும் நாட்டார் வழக்காறுகளும். வழக்காற்றியலின் அடிப்படைகளை உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. கொட்டியாபுரத்துக் கதைகள், தம்பலகாமக் களப்போரத்து வழிபாடுகள், மகாசேனனை மின்னேரியாத் தெய்வமாகக் கும்பிடும் சிங்கள ஊர்களின் சடங்குகள், பேராற்று முஸ்லிம் குடும்பங்களின் வயல் வழக்குகள் ஆகியவை பற்றி அவற்றை நன்கறிந்தவர்கள் பேசட்டும். எனக்குத் தந்த நேரத்தை ஒரேயொரு வழக்கிற்குச் செலவிட உத்தரவு கேட்கிறேன்.

கந்தளாய்க் குளத்தைக் கட்டியவர் யார்? இந்தக் கேள்வியிலேயே நம் துறை நெடுங்காலம் தங்கிவிட்டது. பாளி நூல்களின் வழிவந்தோர் மகாசேனன் என்பர், இரண்டாம் அக்கபோதி என்பர். தமிழ் மரபு குளக்கோட்டன் என்கிறது. அந்தக் குளக்கோட்டனையே, பிரெட்ரிக் கோட்டையில் கிடைத்த வடமொழிச் சாசனத் துண்டு சொல்லும் சோடகங்கனோடு, அதாவது சக ஆண்டு 1145, கி.பி. 1223இல் வந்தவனோடு இணைத்துப் பார்த்த மூத்த வரலாற்றாசிரியர்களும் உண்டு. அவர்களுடைய உழைப்பில்தான் நாமெல்லாம் நிற்கிறோம். ஆனால் அந்த இணைப்பை ஏற்றாலும் மறுத்தாலும் கதை நமக்குச் சொல்ல வந்தது அப்படியே கேட்கப்படாமல் கிடக்கிறது.

கவிராசவரோதயர் பாடிய கோணேசர் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது கல்லில் வெட்டியதன்று, ஏட்டில் எழுதியது. குளக்கோட்டனின் திருப்பணியைக் கலியுகம் 512இல் வைக்கிறது. ஒருசாரார் அந்த ஆண்டைக் காட்டி நூலையே பிற்காலப் புனைவென்று ஒதுக்கினார்கள். இன்னொரு சாரார் அதே ஆண்டைப் பிடித்துக்கொண்டு நம் தொன்மைக்குச் சான்று காட்டினார்கள். இருசாராரிடமும் எனக்கு மதிப்புண்டு. என்றாலும் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதை இம்மேடையிலும் சொல்கிறேன்: அவர்கள் படித்தது நூலின் முதற்பகுதியை மட்டுந்தான்.

மேலே படித்தால் நூலின் கவனம் எங்கே என்பது தெளிவாகும். எந்தக் குடி எங்கிருந்து வந்து குடியேறியது, கோயிற் பணிக் குடிகளான தானத்தார் கடமை என்ன, வரிப்பத்தார் கடமை என்ன, பூ எடுப்பவர் யார், விளக்கேற்றுபவர் யார், நெல் குற்றுபவர் யார், வழக்கு வந்தால் தீர்ப்பவர் யார் என்று அது வரிசைப்படுத்திக்கொண்டே போகிறது. மன்னனின் வீரத்தைவிட மக்களின் முறைகளுக்கே அங்கே இடம் அதிகம். கோயிலுக்கு நெல் வேண்டும், நெல்லுக்கு வயல் வேண்டும், வயலுக்குக் குளம் வேண்டும். இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணி யார் பொறுப்பு என்று எழுதிவைத்த ஏடு அது. இதை நம் நீர்ப்பாசன வரலாற்றின் முதன்மைச் சான்றுகளில் ஒன்றாக வைக்காமல் புராண அடுக்கில் போட்டுவைத்திருப்பது நமக்கு நாமே செய்துகொண்ட இழப்பு.

இனிப் பூதங்களுக்கு வருகிறேன். உன்னாசகிரி அரசி ஆடகசவுந்தரியை மணந்த குளக்கோட்டன், பூதங்களைக் கொண்டு இக்குளத்தைக் கட்டுவித்தான் என்பது வழக்கு. சிங்கள வழக்கிலும் மகாசேனன் மனிதரோடு யக்கர்களையும் ஏவிக் குளம் கட்டியதாகச் சொல்வார்கள். அவ்வளவு பெரிய கட்டைப் பார்த்து மலைத்த மக்களின் கற்பனை என்று இதை விளக்குவது வழக்கம். அந்த விளக்கம் போதாது. கதை எதைப் பூதங்களிடம் கொடுக்கிறது, எதைக் கொடுக்கவில்லை என்று பாருங்கள். கட்டுவதைக் கொடுக்கிறது. காப்பதைக் கொடுக்கவில்லை. பூதங்களின் வேலை ஒருமுறையோடு முடிகிறது. அதன்பிறகு அரசன் குடிகளைத்தான் கொண்டுவர வேண்டியிருக்கிறது. காப்பது ஆண்டுதோறும் மனிதர் தலையில் விழுகிற கடன் என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு கதை எப்படிச் சொல்லும்?

கற்களும் இதையே பேசுகின்றன. முதலாம் விசயபாகுவின் 42ஆம் ஆட்சியாண்டில் பழமோட்டையில் பொறித்த தமிழ்ச் சாசனத்தை எஸ். பரணவிதான பதிப்பித்திருக்கிறார். நங்கைசாணி என்ற பிராமணப் பெண் தன் கணவன் நினைவாகக் கந்தளாய்ச் சிவன் கோயிலுக்குக் கொடுத்த அறக்கட்டளை அது. கொடுத்ததோடு அவள் நிற்கவில்லை. அந்த அறத்தைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. பெயர் தெரிந்த ஒரு பெண்ணின் தருமத்துக்கும் காவலர் யார் என்று கல்லிலே சொல்ல வேண்டியிருந்தது. ஏடும் கல்லும் இங்கே ஒரே வழியில் நடக்கின்றன.

கடலுக்கு அப்பாலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் சதுப்பு நிலக் கதைகளை எம். சி. பல்ஃபோர் 1891இல் வெளியிட்டார். ஒல்லாந்தர் வந்து சதுப்பை வடித்தபோது டிடி மன் என்ற நீர்த்தெய்வம் சினந்தது, குழந்தைகளும் கால்நடைகளும் மடிந்தன, ஊரார் அமாவாசை கழிந்த அந்தியில் வாய்க்காலில் நீர் வார்த்து மன்னிப்புக் கேட்டார்கள் என்கிறது அதிலொரு கதை. பல்ஃபோர் கதைகளை எவ்வளவு தீட்டினார் என்று அங்கும் அறிஞர்கள் வாதிட்டார்கள். அந்த வாதம் தேவையானதே. ஆனால் நீருக்கு மனிதர் பட்ட கடனைக் கதை மறக்கவில்லை என்பதை அது தொடவில்லை. நாமும் அதே இடத்தில்தான் நிற்கிறோம்.

தம்பலகாமத்தார் கந்தளாய்க் குளக்கட்டில் காவல் தெய்வங்களுக்கு எடுத்த மகா வேள்வியைப் பற்றி அவ்வூர் எழுத்தாளர்கள் பதிந்து வைத்திருக்கிறார்கள். கடைமடையில் வயல் வைத்திருப்பவர் தலைமடைக்கு வந்து கட்டிலே பொங்கிப் படைப்பது வெறும் பக்தி மட்டுமா? கட்டு எப்படியிருக்கிறது என்று கண்ணால் பார்க்கவும், இந்த நீரில் எனக்கும் பங்குண்டு என்று உரிமை சொல்லவும் அது ஒரு வழி. வயல்நீரைக் கவனிக்கும் வட்டவிதானையும் பயிர்ச்செய்கைக் கூட்டமும் இன்று செய்யும் வேலையின் ஒரு பகுதியை அந்த வேள்வி செய்தது என்பது என் வாதம்.

1986 ஏப்ரல் 20 அதிகாலை இந்தக் கட்டு உடைந்ததையும், நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போனதையும், வீடுகளும் வயல்களும் அழிந்ததையும் கந்தளாயில் நின்றுகொண்டு நான் நினைவூட்டத் தேவையில்லை. உடைப்பின் காரணத்தைப் பொறியாளர்கள் ஆராய வேண்டும், அது அவர்கள் துறை. நம் துறையின் கடமை வேறு. அந்த இரவைக் கண்டவர்கள் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று மூன்று சமூகங்களிலும் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களின் பேச்சு நம் ஆவணங்களில் குளக்கோட்டனுக்குச் சமமான இடம் பெறவேண்டும். எண்ணூறு ஆண்டுக்கு முந்திய அரசனின் அடையாளத்துக்குக் கட்டுரை மேல் கட்டுரை எழுதும் நாம், நாற்பதாண்டுக்கு முந்திய வெள்ளத்தின் கதைகளைச் சாவுக்குக் கொடுத்துவிடக் கூடாது.

ஆகவே இம்மாநாடு கலைவதற்குள் மூன்று முடிவுகளை எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கோணேசர் கல்வெட்டின் கடமைப் பகுதிகளுக்கு நீர்ப்பாசனம் அறிந்தவர்களையும் சேர்த்து ஒரு புதிய உரை எழுத வேண்டும். குளக்கட்டு வேள்வியின் முறைகளை, அறிந்த பெரியோர்கள் இருக்கும்போதே ஒலியிலும் ஒளியிலும் பதிய வேண்டும். 1986இன் வாய்மொழிகளை மூன்று சமூகத்தாரும் சேர்ந்து தொகுக்க வேண்டும். கட்டியவர் யார் என்ற வழக்கு நம்மைப் பிரித்தே வைத்திருக்கிறது. காப்பவர் யார் என்று கேட்டால் இந்த நீரைக் குடிக்கும் எல்லோரும் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கேள்வியோடு அமர்வுகளைத் தொடங்கிவைக்கிறேன்.