தோட்ட வாழ்வில் ஓய்வு

ஓய்வு என்ற சொல்லைக் கேட்ட அளவில், வேலை முடிந்தபின் எஞ்சி நிற்கும் நேரம் என்பதே பலர் உள்ளத்தில் எழும் பொருளாகும். பழைய கிரேக்கர் அவ்வாறு கருதவில்லை. ஓய்வைக் குறிக்க அவர்கள் வழங்கிய ‘ஸ்கோலே’ என்னும் சொல்லிலிருந்தே, பாடசாலையைக் குறிக்கும் ‘ஸ்கூல்’ என்ற ஆங்கிலச் சொல் பிறந்தது. ஓய்வில்தான் மனிதன் கற்கிறான், தன்னை உருவாக்கிக் கொள்கிறான் என்ற எண்ணம் அச்சொல்லின் வரலாற்றிலேயே அடங்கியுள்ளது. ஆனால், அந்த ஓய்வை அவர்கள் அடிமைகளின் உழைப்பின்மீது அமைத்துக் கொண்டனர் என்பதையும் மறத்தற்கில்லை. ஒருவருடைய ஓய்வுக்கு மற்றொருவர் விலை கொடுக்கும் அம்முறை, உருமாறி இன்றும் பல இல்லங்களில் நிலவுகிறது.

உழைப்பவருக்கும் ஓய்வு உரியது என்ற கொள்கை மெல்ல மெல்லவே உலகில் வேரூன்றியது. எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் பொழுதுபோக்கு, எட்டு மணி நேரம் உறக்கம் என்று 1817ஆம் ஆண்டளவில் ராபர்ட் ஓவன் நாளை மூன்றாகப் பகுத்தார். ஒரு நூற்றாண்டு சென்றபின், 1919ஆம் ஆண்டில், சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் தனது முதலாவது உடன்படிக்கையில் கைத்தொழில் துறைக்கு எட்டு மணி நேர வேலை நாளை விதித்தது. 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனமோ, தனது 24ஆம் உறுப்புரையில், ஓய்வும் பொழுதும் எல்லா மனிதருக்கும் உரிமை என்று கூறிற்று.

இவ்வுரிமை ஏட்டிலிருந்து இல்லத்துக்கு வந்து சேர்ந்ததா என்பதை ஆராய, இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் தக்க இடமாகும். தென்மேல் பருவக்காற்று நேரே வந்து மோதும் நாடு அது. இரத்தினபுரி நகரில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகின்றது. அங்கே தேயிலை மலைகளும் உள்ளன. இறப்பர்த் தோட்டங்களும் உள்ளன. இறப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை விடியற்காலையிலேயே தொடங்க வேண்டும். வெயில் ஏறினால் பாலின் ஓட்டம் குன்றிவிடும். பட்டை நனைந்திருந்தாலோ, வெட்டிய பால் கோட்டின் வழியே கோப்பையை நாடாது பட்டையெங்கும் பரவி வீணாகும். ஆதலால், மழை பெய்யும் காலைகளில் பால் வெட்டு நின்றுவிடுகிறது. மரத்துக்கு மழைக்காப்புக் கட்டும் முறை இவ்விழப்பைக் குறைத்ததேயன்றி ஒழிக்கவில்லை.

அத்தகைய நாளில் பால் வெட்டும் தொழிலாளி லயத்தின் திண்ணையில் அமர்ந்திருப்பான். காண்பவர் அதனை ஓய்வு என்பர். ஆனால், வேறு வேலை கிடையாதாயின் அன்றைய பேரும் இல்லை. பேர் இல்லையெனில் கூலி இல்லை. கூரையில் விழும் ஒவ்வொரு துளியும் கடைக்காரனின் கடன் கணக்கை நினைவூட்டும்போது, கைகள் சும்மா இருப்பினும் மனம் சும்மா இருப்பதில்லை. ஓய்வுக்கு நேரம் மட்டும் போதாது என்பதற்கு இம்மழை நாளே சான்றாகும். அச்சமின்மை வேண்டும், விரும்பியதைச் செய்யும் உரிமை வேண்டும், செய்வதற்கு ஓர் இடமும் வேண்டும். இம்மூன்றும் கூடிய நேரமே ஓய்வு எனத் தகும்.

இந்த ஓய்வு ஒவ்வொரு பருவத்திலும் ஒவ்வொரு வடிவில் தேவைப்படுகிறது. குழந்தைக்கு அது விளையாட்டு. சங்க காலத்து மகளிர் ஆடிய ஓரை முதல் இன்றைய பிள்ளைகளின் பாண்டி, கிட்டிப்புள், பல்லாங்குழி வரை, விளையாட்டு என்பது பிள்ளைகள் தமக்குத் தாமே நடத்திக்கொள்ளும் பாடசாலை. எண்ணவும், முறை வரும்வரை காத்திருக்கவும், தோல்வியைத் தாங்கவும் அங்கே அவர்கள் பழகுகின்றனர். பிள்ளைகளின் விளையாட்டை உரிமையென ஏற்ற சிறுவர் உரிமை உடன்படிக்கை 1989ஆம் ஆண்டில் தோன்றியது; இலங்கை அதனை 1991ஆம் ஆண்டில் ஏற்றது. தாய்மார் மலைக்குச் செல்வதற்கு வசதியாக ஏற்பட்ட பிள்ளைக்காம்பராக்கள், இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் எனப் பெயர் பெற்றுள்ளன. பெயருக்கேற்ப அங்கே விளையாட்டும் கதையும் இடம்பெறுதல் வேண்டும். தம்பியை இடுப்பில் சுமந்தபடி, மற்றவர் ஆடும் ஆட்டத்தை ஓரத்தில் நின்று பார்க்கும் மூத்த பெண்பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டென்பதைப் பெற்றோர் உணர்தல் வேண்டும்.

இளைஞர்க்கு ஓய்வு என்பது தம்மைத் தாமே கண்டறியும் காலம். இந்நாட்டின் தேசிய விளையாட்டான கரப்பந்தாட்டத்துக்குப் பெரிய மைதானம் வேண்டுவதில்லை. ஒரு வலையும் பந்தும் சிறிது சமதரையும் போதும். வாசிகசாலையின் தேவையோ அதனினும் பெரிது. ஒரே காம்பராவில் அடுப்பும் படுக்கையும் அமைந்த லயத்தில், படிக்க விரும்பும் பிள்ளைக்கு அமைதியான மூலை கிடைப்பது அரிது. விளக்கும் நான்கு நாற்காலியும் சில நூல்களும் உள்ள ஒரு சிறு அறை, அப்பிள்ளையின் வாழ்வையே வேறு வழியில் திருப்பிவிடக் கூடும்.

நடுத்தரப் பருவமே சிக்கல் மிகுந்தது. நாளெல்லாம் உழைத்த ஆணுக்கு மாலையில் சென்று அமர நல்லதோர் இடம் இல்லையாயின், அவ்வெறுமையைச் சாராயமும் கசிப்பும் நிரப்பிவிடுகின்றன. குடியைக் கண்டித்துப் பேசினால் மட்டும் போதாது. அதற்குப் பதிலாக வேறொன்றை வைத்தல் வேண்டும்.

பெண்ணின் நிலையோ இதற்கு நேர்மாறானது. ஓய்வைத் தவறான வழியில் செலவிட அவளுக்கு ஓய்வே இல்லை. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, உணவு கட்டி, பிள்ளைகளைப் புறப்படுத்தி, மலைக்குச் செல்கிறாள். கொழுந்து நிறுத்து முடித்து மாலையில் திரும்பினால், தண்ணீரும் விறகும் அழுக்குத் துணியும் இரவுச் சமையலும் காத்திருக்கின்றன. வளர்ந்தோர் வாரத்துக்கு 150 நிமிடமேனும் உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. கூடையைச் சுமந்து சரிவில் ஏறி இறங்கும் பெண்ணுக்கு அந்த இயக்கம் ஒரே நாளில் கிடைத்துவிடுகிறது. அவளுக்கு வேண்டுவது கால் நீட்டி அமரும் அரை மணி நேரம். அண்டை வீட்டாளோடு மனம்விட்டுப் பேச, ஒரு பாட்டைக் கேட்க, தன் பிள்ளையின் புத்தகத்தைத் தானும் எழுத்துக்கூட்டிப் பார்க்க ஒரு பொழுது. கணவன் தண்ணீர் கொண்டுவந்தால், மகன் தன் தட்டைத் தானே கழுவினால், அந்த அரை மணி நேரம் செலவின்றி விளையும்.

முதுமையில் நிலைமை மீண்டும் மாறுகிறது. செக்ரோலில் இருந்து பேர் நீங்கிய முதியவருக்கு நேரம் நிறைய உண்டு. அவரைத் தேடி வருவோர்தாம் இல்லை. தனிமைப்பட்டு வாழ்வது அறிவுத்தேய்வு நோய்க்குக் காரணங்களுள் ஒன்றென, ‘லான்செட்’ மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2020ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியது. முதியவருக்குக் கூட்டமும் ஒரு பொறுப்பும் மருந்தாகும் என்பதை மலையகத்துக் காமன் கூத்து முன்பே உணர்த்தியிருந்தது. மாசியில் பிறை கண்டு காமன் நட்டு, மன்மதன் தகனம் வரை நாள்தோறும் நடைபெறும் அக்கூத்தில், பாட்டும் அடவும் அறிந்த முதியவர் வாத்தியாராவார். இளைஞர் வேடம் புனைவர். தப்பு முழங்கப் பிள்ளைகள் சூழ்ந்திருந்து கற்பர். மூன்று தலைமுறையும் ஒரே களத்தில் கூடும் ஓய்வு அது. இரதியின் வேடத்தையும் ஆடவரே தாங்கிய வழக்கம் நெடுங்காலம் நிலவியது என்பது அதன் குறை. அக்குறையை நீக்கிக் கூத்தைக் காப்பது இன்றைய தலைமுறையின் கடமை.

ஓய்வு வேலையின் மிச்சமாகக் கிடைக்கும் வரை, அது வலியவர் கைக்கே போய்ச் சேரும். உணவைப் போல் அதனையும் வீட்டில் பகிர்ந்து கொள்ளல் வேண்டும். ஓர் இல்லத்தில் ஓய்வு உண்டா என்பதை அறிய விரும்புவோர், மாலையில் அவ்வீட்டுத் தாய் எப்போது அமர்கிறாள் என்று பார்த்தால் போதும்.