இறங்க மறுத்த சம்பளப் பட்டியல்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

வெற்றிக் கதை ஒன்று சொல்லச் சொன்னார்கள். முழி பிதுங்கி நின்ற கதைதான் என்னிடம் இருக்கிறது.

2013. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குச் சம்பள மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தோம். சனிக்கிழமை மதியம் கணக்குப்பிள்ளை போன் செய்தார்.

"ஏனுங்க தம்பி, நேத்து வரைக்கும் பட்டியல் இறங்குச்சுங்க. இன்னைக்குத் தளத்தையே திறக்க முடியலைங்குது. ஆறு மணிக்கு ஆளுங்க சம்பளத்துக்கு வந்து நிப்பாங்க."

என் மேசையில் குரோமில் இறங்கியது, ஃபயர்பாக்ஸிலும் இறங்கியது. "உங்க கம்ப்யூட்டர்லதானுங்க கோளாறு" என்று சொல்லிவிட்டேன். அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

பஸ் பிடித்துப் போனேன். அவரிடம் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8. எக்ஸ்பியில் அதற்கு மேல் ஏற்றவும் முடியாது. ஃபிட்லர் போட்டுப் பார்த்தால் சர்வர் 200 என்றே பதில் சொல்கிறது. பிரவுசர்தான் கோப்பைக் கைவிடுகிறது.

முந்தைய நாள் நான்தான் தளத்தை எச்டிடிபிஎஸ்-க்கு மாற்றியிருந்தேன். சம்பள விவரம் எந்தக் கணினியிலும் தங்கக்கூடாதே என்று பதிலின் ஹெடரில் 'நோ-கேஷ்' என்றும் சேர்த்திருந்தேன். எச்டிடிபிஎஸ்-இல் அந்த உத்தரவு வந்தால் பழைய எக்ஸ்ப்ளோரர் கோப்பைத் தற்காலிகமாகக்கூட வைத்துக்கொள்ளாது. வைக்காத கோப்பை எக்செல் எங்கே போய்த் திறக்கும்? 9-ஆம் பதிப்பில்தான் இதைச் சரிசெய்தார்கள். பட்டியல் இறங்கும் பக்கத்துக்கு மட்டும் 'நோ-கேஷை' எடுத்துவிட்டு 'பிரைவேட்' என்று மாற்றினேன். உடனே இறங்கியது. மணி ஐந்தே முக்கால்.

"அப்ப நம்ம கம்ப்யூட்டரு நல்லாத்தானுங்க இருக்கு?" என்றார். டீயும் அவரே வாங்கிக் கொடுத்தார்.

எக்ஸ்ப்ளோரருக்கு 2022 ஜூன் 15-இல் மைக்ரோசாஃப்ட் ஓய்வு கொடுத்துவிட்டது. ஆனால் கோப்பின் பெயர்த் தகராறு வேறு. பெயரில் இடைவெளி இருந்து, மேற்கோள் குறி போட மறந்தால், குரோம் பொறுத்துக்கொள்ளும். பழைய ஃபயர்பாக்ஸ் முதல் சொல்லோடு வெட்டிவிட்டது. அப்புறம் எந்த மென்பொருளில் திறப்பது என்றே கணினிக்குத் தெரியாமல் போனது. தமிழ்ப் பெயர் வைக்க 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6266 வழி சொல்கிறது: யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டு, ஒவ்வொரு பைட்டையும் சதவீதக் குறியோடு எழுதவேண்டும். 'கோவை' என்பதே 36 எழுத்தாக நீளும்! இருந்தாலும் எழுதுங்கள் தம்பிகளே. அந்தக் கணக்குப்பிள்ளைக்குப் பட்டியல் இப்போது தமிழ்ப் பெயரில்தான் இறங்குகிறது.