ஏறு அணிதலும் பெயர் சூட்டலும்

பத்தாண்டு நிறைவு விழாவில் மாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று சிலர் எண்ணக்கூடும். உறையூரில் நின்று இதனைப் பேசுவது பொருந்தும். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு இவ்வூரைக் கடந்தே மதுரைக்குச் சென்றனர். அங்கே அவர்களுக்கு அடைக்கலம் தந்தவள் மாதரி என்னும் ஆயர் மூதாட்டி. ஆய்ச்சியர் குரவையில் கன்னியர் எழுவர். ஒவ்வொருத்திக்கும் அவள் குறித்து வளர்த்த ஏறு ஒன்று. அதனை அடக்குபவன் அவளுக்கு உரியவன். அவ்வேறுகளை இளங்கோவடிகள் நிறத்தாலும் பொறியாலும் நெற்றிச் செம்மையாலும் வேறுபடுத்திக் காட்டுகிறார். கலித்தொகையின் முல்லைக்கலியிலும் இதே முறைதான். வெள்ளை ஏற்றுக்குப் பலராமனும் கரிய ஏற்றுக்குத் திருமாலும் உவமையாகின்றனர்.

இதே நெறியைத் தென் சூடானின் நுவேர், டிங்கா மக்களிடம் காண்கிறோம். நுவேர் மக்களைப் பற்றி இவான்ஸ் பிரிச்சார்டு எழுதிய நூல் 1940இல் வெளிவந்தது. ஆண்மகனாகும் சடங்கு முடிந்த இளைஞனுக்குத் தந்தை ஓர் எருதை அளிப்பார். அதன் கொம்பைச் செதுக்கி, வேண்டிய வடிவில் வளைந்து வளருமாறு செய்வர். அவன் அதன் கொம்பிலே குஞ்சம் தொங்கவிடுவான், கழுத்திலே மணி கட்டுவான், அதனைப் பற்றிப் பாட்டுக் கட்டுவான். அவ்வெருதின் நிறப்பெயரே தோழரிடையே அவனுக்கும் பெயராகிவிடும். டிங்கா மக்களோ மீன் தின்னும் கழுகின் கறுப்பும் வெள்ளையும் எருதின் மேனியிற் கண்டால் அக்கழுகின் பெயரையும், சிறுத்தையின் புள்ளியைக் கண்டால் சிறுத்தையின் பெயரையும் அதற்கு இடுவர். ஆடும்போது கைகளைக் கொம்புபோல் உயர்த்தி வளைப்பர்.

இதனை 'விலங்கு வழிபாடு' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது நம்மைப் போன்ற ஆய்வாளர்களின் சோம்பல் என்பேன். அணி செய்தல் என்பது மந்தையிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்து, 'நீ இன்னார்' என்று சொல்வது. ஆகவேதான் அணியோடு பெயரும், பெயரோடு பாட்டும் வருகின்றன. வேறுபாடும் உண்டு. அங்கே எருதின் பெயரை மனிதன் சூடுகிறான். நாம் எருதுக்குப் பெயர் வைப்பதோடு நின்றுவிட்டோம்.

நம் மாட்டுப் பொங்கலுக்கு வருவோம். கொம்பு சீவிக் காவி பூசிய இடத்தில் இன்று எண்ணெய் வண்ணம், அதுவும் சில இடங்களில் கட்சிக் கொடியின் வண்ணம். நரசிங்கன்பேட்டையில் நெட்டித் தக்கையைச் சீவிச் சாயமேற்றிக் கட்டும் மாலையைக் கண்டவர்க்குக் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் மாலை கண்ணுக்கு உறுத்தும். கொம்பில் சல்லிக்காசு முடிந்ததால் எழுந்ததே சல்லிக்கட்டு என்னும் பெயர் என்பர். அங்கே அணியே பரிசு. 2014இல் உச்ச நீதிமன்றம் அதனைத் தடுத்ததும், 2017இல் இளைஞர் திரண்டெழுந்ததும், 2023இல் அதே மன்றம் தமிழகச் சட்டத்தை ஏற்றதும் நீங்கள் அறிந்தவை.

நான் கேட்க விரும்புவது கவிஞர்களை. நம் அருகிலுள்ள சூரியூர் வாடிவாசலில் நின்று பாருங்கள். மயிலை, செவலை, காரி, செம்மறை, கருமறை என்று மாட்டுக்காரர் வாயில் சொற்கள் புரளும். அண்மையில் வந்த கவிதைத் தொகுப்புகளில் நான் தேடியவரை 'மாடு', 'காளை' என்னும் இரண்டே சொற்கள்! உழவு எந்திரத்துக்குப் போயிற்று. கலப்பினப் பசுவுக்கோ கன்றிலேயே கொம்பைச் சுட்டுவிடுகிறார்கள். கொம்பில்லாத தலையில் குஞ்சத்தை எங்கே கட்டுவது? இச்சொற்களும் போய்விட்டால் முல்லைக்கலியை மாணவர்க்கு நடத்தும் நான் ஒவ்வொரு ஏற்றுக்கும் அகராதியைப் புரட்ட வேண்டிவரும். இப்போதே பாதி அப்படித்தான்.

என் தந்தையார் 1991இல் உழவு மாடுகள் இரண்டையும் விற்றார். விற்றவர் கயிற்றைக் கொடுப்பதில்லை என்பது எங்கள் வீட்டு வழக்கம். வாங்கியவர் புதுக்கயிறு கொண்டுவந்து பிடித்துச் சென்றார். அடுத்த மாட்டுப் பொங்கலன்று தாயார் வெறுந்தொழுவத்தைக் கழுவிக் கோலமிட்டு, முளையில் மாட்டியிருந்த அவ்விரு கயிறுகளுக்கும் மஞ்சள் குங்குமம் இட்டுப் பூச்சூட்டினார். தந்தையார் பொங்கற்சோற்றை இலையில் வைத்து, "மயிலே, செவலே, வாங்க" என்று இருமுறை அழைத்தார்.