சான்றிதழின் விலையும் மதிப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் வாழும் வலியசாலை கல்வியோடு தொடர்புடைய இடம். சோழர் கல்வெட்டுகள் கூறும் காந்தளூர்ச் சாலை இங்கிருந்த கல்விச்சாலையே என்று அறிஞர் பலர் கருதுவர். அத்தகைய இடத்தில் நின்றுகொண்டு கல்வியைப் பணத்தால் எடை போடலாமா என்று சிலர் ஐயுறக்கூடும். ஆனால் நம்மைப் போன்ற மாதச் சம்பளக் குடும்பங்களில், பிள்ளையின் படிப்புக்காகத் தாயின் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போகிறது. ஆதலின் கணக்குப் பார்ப்பது குற்றமன்று. பாராமல் விடுவதே குற்றம்.

சென்ற ஆண்டு நம் இல்லத்துப் பெண் பன்னிரண்டாம் வகுப்புத் தேறினாள். மருத்துவ உதவியாளர் பயிற்சி, ஓராண்டில் சான்றிதழ், உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் வேலை உறுதி என்று ஒரு விளம்பரத் தாள் வந்தது. கட்டணம் 90,000 ரூபாய். அவள் தாய் ஒன்றும் பேசாமல் சங்கிலியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். நாம் காகிதமும் பென்சிலும் எடுத்தோம்.

கட்டணம் 90,000. உடை, புத்தகம், பஸ் செலவு 15,000. அந்த ஓராண்டு அவள் ஒரு கடையில் மாதம் 8,000 ரூபாய்க்கு வேலை பார்த்திருந்தால் வந்திருக்கக்கூடிய 96,000 ரூபாயும் செலவுதான். பலர் இதை எழுத மறந்து விடுகிறார்கள். ஆகமொத்தம் 2,01,000 ரூபாய். படித்து முடித்தபின் சிறிய மருத்துவமனை ஒன்றில் மாதம் 10,000 கிடைப்பதாக வைத்துக்கொண்டால், சான்றிதழ் ஈட்டித் தருவது மாதம் 2,000 மட்டுமே. போட்ட முதல் திரும்ப எட்டாண்டுக்கு மேலாகும். அடகு வட்டியை இதில் சேர்க்கவில்லை.

இதற்கு எதிராக மூன்றாண்டு ஜெனரல் நர்சிங் படிப்பை எழுதிப் பார்த்தோம். செலவு மூன்று லட்சம் என்று கொள்வோம். மூன்றாண்டுச் சம்பள இழப்பு 2,88,000. ஆக 5,88,000 ரூபாய். பார்த்தாலே மலைப்பு வரும் தொகை. ஆனால் 2018 ஏப்ரலில் கேரள அரசு வெளியிட்ட ஆணை, தனியார் மருத்துவமனை நர்சுகளின் அடிப்படைச் சம்பளம் குறைந்தது 20,000 ரூபாய் என்று வரையறுத்தது. நர்சுகள் பல ஆண்டுகள் போராடிப் பெற்ற உரிமை அது. அந்தச் சம்பளம் முறையாகக் கைக்கு வருமானால், மாதம் 12,000 கூடுதல் வரவு. நாற்பத்தொன்பது மாதங்களில் முதல் திரும்பிவிடும். விலை குறைந்தது நஷ்டமாகவும், விலை மிகுந்தது லாபமாகவும் முடிந்தது கண்டு வியந்தோம்.

இதன் காரணம் யாது? பயணச் சீட்டோடு பழகியவர்களுக்கு விளங்கும். சீட்டின் மதிப்பு அதன் தாளில் இல்லை. அதை ரயில்வே ஏற்றுக்கொள்வதில் இருக்கிறது. அதுபோலவே, நர்சின் சான்றுக்குப் பின்னால் மாநிலக் கவுன்சிலின் பதிவு நிற்கிறது. 2021ஆம் ஆண்டின் தேசியச் சட்டம், ஆய்வுக்கூடம், டயாலிசிஸ் முதலிய துணை மருத்துவப் பணியாளர்க்கு, இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் 2,000 மணி நேரத்துக்குக் குறையாத பட்டயமோ பட்டமோ வேண்டும் என்கிறது. ஓராண்டுச் சான்றிதழ் அந்த அளவை எட்டாது.

பதிவுக்கு அடுத்தபடி பயிற்சி. 1916இல் அருகிலுள்ள தைக்காடு மகளிர் மருத்துவமனையில் பொறுப்பேற்ற டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ், உள்ளூர் மருத்துவச்சிகளின் மக்களுக்கே பேறுகாலப் பயிற்சி அளித்தார். கற்கும் இடமும் தொழில் செய்யும் இடமும் ஒன்றாயிருந்தன. நோயாளியின் கட்டிலருகே நில்லாமல் சுவர்ப் படத்தைப் பார்த்துக் கற்றவரிடம் நம் முதியோரை நம்பி ஒப்படைப்போமா?

வெளிநாட்டு ஆசையைப் பற்றியும் ஒரு சொல். பிரிட்டன் 2022இல் முதியோர் பராமரிப்புப் பணிக்குக் கதவைத் திறந்தது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக வருவோர்க்கு அதை மூடிவிட்டது. அந்தக் கதவை நம்பி நகையை வைத்தவர் நிலை என்ன? பிறநாட்டின் கதவுக்குத் திறவுகோல் நம் கையில் இல்லை. வேலைக்கு அனுப்பும் ஏஜெண்டு வாங்கக்கூடிய கட்டணத்துக்கும் நமது அரசு 30,000 ரூபாயும் வரியும் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. லட்சங்கள் கேட்பவரிடம் அப்போதே எழுந்து வந்துவிட வேண்டும்.

நாம் அந்த விளம்பரக்காரரிடம் மூன்று கேள்விகள் கேட்டோம். எந்தக் கவுன்சிலில் பதிவு கிடைக்கும்? எந்த மருத்துவமனையில் பயிற்சி? சென்ற ஆண்டு தேறியவர்கள் இன்று எங்கே, என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள்? முதற்கேள்விக்கு, "அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார். மற்ற இரண்டுக்கும் புன்னகையே விடை. எழுந்து வந்தோம்.

இதனால் உதவியாளர் பணியை இழிவாகக் கூறுவதாக எவரும் கருதற்க. படுக்கையிலிருக்கும் முதியவரைப் புரட்டிப் படுக்க வைத்து, முகம் துடைத்து, வேளைக்கு உணவூட்டும் கை தொழத்தக்க கை. நம் அக்கிரகாரத்தில் பிள்ளைகள் தொலைவில் இருக்க, தனித்து வாழும் முதியோர் பலர். அவர்களுக்கு அக்கை இன்றியமையாதது. அதைக் கற்க விரும்புவோர், சம்பளமோ உதவித்தொகையோ கொடுத்துப் பயிற்றும் மருத்துவமனையில் சேர்ந்து கற்கட்டும். நகையை அடகு வைத்துக் கற்க வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள்.

இங்குள்ள பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். பணம் கட்டும் முன் அம்மூன்று கேள்விகளையும் கேளுங்கள். விடையை எழுத்தில் வாங்குங்கள். கணக்குப் போடத் தயக்கமானால் சங்கத்துக்கு வாருங்கள். ஞாயிறு மாலைகளில் உடனமர்ந்து போட்டுத் தர நாம் காத்திருக்கிறோம்.

நம் பெண் நர்சிங் பள்ளிக்கு விண்ணப்பித்து இடம் பெற்றாள். இப்போது முதலாண்டு படிக்கிறாள். செலவு கடினந்தான். எனினும் அவள் தாயின் சங்கிலி இன்னும் கழுத்திலேயே இருக்கிறது. இதோ, முன்வரிசையில் அமர்ந்திருப்பவர் அதனைக் காணலாம்.