"எல்லாம் நார்மல்" என்று அனுப்பிய பிறகு

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் ஆற்றிய உரை. இவர் அரசு மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர்.)



தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு என்று பேச வேண்டியது நிறைய இருக்கும்போது எனக்கும் நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. "முதலுதவி பற்றிப் பேசுங்க சிஸ்டர்" என்றுதான் செயலாளர் கேட்டார். முதலுதவியைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் காஷுவாலிட்டிக்கு வருகிறவர்களின் மனதைப் பற்றிப் பேசுகிறேன் என்று அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் நைட் டூட்டியில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். வேர்த்துக் கொட்டியது. விரல்களெல்லாம் மரத்துப்போச்சு என்றார். உடனே ஈசிஜி எடுத்தோம், ரத்தம் எடுத்து அனுப்பினோம். சில மணி நேரம் கழித்து இரண்டையும் மறுபடி பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தது. "ஒண்ணும் இல்லைங்க, கேஸா இருக்கும். வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்குங்க" என்று சொல்லி அனுப்பியது நான்தான்.

இரண்டு வாரத்தில் மறுபடி வந்தார். அதே பரிசோதனை, அதே பதில். மூன்றாம் முறை வந்தபோது, "இவருக்கு வேற வேலையே இல்லையா" என்று எங்களுக்குள் முணுமுணுத்தோம். அதில் என் குரலும் இருந்தது. அன்று பயிற்சிக்கு வந்திருந்த ஒரு சின்ன டாக்டரம்மா, ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, ராத்திரி தூக்கம் எப்படி இருக்கு?" என்று கேட்டார். அவ்வளவுதான், அந்த மனிதர் அழ ஆரம்பித்துவிட்டார். நான்கு மாதம் முன்னால் அவருடைய அண்ணன் தூக்கத்திலேயே இறந்துபோயிருக்கிறார். அன்றிலிருந்து இவருக்குப் படுக்கவே பயம். "தூங்கினா எந்திரிக்க மாட்டேனோன்னு இருக்கும்மா" என்றார். அப்படிப்பட்டவரிடம்தான் இரண்டு முறை "போய் நல்லாத் தூங்குங்க" என்று சொல்லியிருந்தேன்.

அவருக்கு வந்தது நடிப்பு இல்லை. பேனிக் அட்டாக் என்கிறார்களே, அதுதான். பயம் உச்சத்துக்குப் போகும்போது உடம்பில் அட்ரினலின் பாய்கிறது. இதயம் படபடக்கிறது, வேர்க்கிறது. மூச்சு வேகவேகமாக வாங்குவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. அதனால்தான் விரல்களும் உதடும் மரத்துப்போகின்றன, தலை சுற்றுகிறது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, பிறகு மெல்ல இறங்கும். ஆனால் அந்தப் பத்து நிமிடமும் செத்துவிடப் போகிறோம் என்றுதான் அவருக்குத் தோன்றும். ரிப்போர்ட் நார்மல் என்றால் மாரடைப்பு இல்லை என்று அர்த்தம். அவருக்கு ஒன்றுமே இல்லை என்று அர்த்தம் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதைக் கேட்டுவிட்டு, நெஞ்சு வலி என்கிறவரிடம் "உனக்கு டென்ஷன், படுத்துக்கோ" என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள். மாரடைப்பும் பேனிக் அட்டாக்கும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு வலியே இல்லாமல், வெறும் மூச்சுத் திணறலாகவோ களைப்பாகவோ கூட வரலாம். முதலில் 108-ஐக் கூப்பிடுங்கள். மனதைப் பற்றி டாக்டர் பார்த்த பிறகு யோசிக்கலாம்.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. உண்மையிலேயே மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. அப்படி வந்தால் மாத்திரை தவறும், நடைப்பயிற்சி நிற்கும், சாப்பாடு இறங்காது. உடம்பு தேறுவதும் தள்ளிப்போகும். மாரடைப்புக்குப் பின் வரும் மனச்சோர்வை, இதய நோயாளியின் நிலையை மோசமாக்கும் ஆபத்துக் காரணிகளில் ஒன்றாகக் கருத வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2014-இல் சொன்னது. நம் வீடுகளில் "வயசாச்சு, அப்படித்தான் இருப்பாரு" என்று விட்டுவிடுகிறோம்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

மருத்துவமனையில் இருக்கும்போது, நோயாளியை அதிகம் வதைப்பது என்ன நடக்கிறது என்றே தெரியாமல் இருப்பதுதான். நம் அரசு மருத்துவமனைகளில் வருகிறவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். சிவப்பு உயிருக்கு உடனடி ஆபத்து, பச்சை கொஞ்சம் காத்திருக்கலாம். உங்களைக் காக்க வைக்கிறார்கள் என்றால் அவமதிக்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை. உங்களைவிட ஆபத்தில் ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். அட்டெண்டராகப் போகிறவர் சிஸ்டரிடம், "அடுத்து என்ன டெஸ்ட், எவ்வளவு நேரம் ஆகும்?" என்று நிதானமாகக் கேட்டு, அதைப் படுத்திருப்பவர் காதில் சொல்லுங்கள். அதுவே பாதி மருந்து. பயத்தில் மூச்சு வாங்கினால் கையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா மூச்சை விடுங்க" என்று கூடச் சேர்ந்து மூச்சு விடுங்கள். போனில் பத்து சொந்தக்காரர்களிடம் "சீரியஸ்" என்று அவர் காதுபடச் சொல்லாதீர்கள்.

வயதானவர்களுக்கு மூக்குக் கண்ணாடியும் காது மெஷினும் மறக்காமல் எடுத்துப் போங்கள். பார்வையும் தெளிவில்லாமல், காதும் கேட்காமல், ராத்திரி பகல் தெரியாத விளக்கு வெளிச்சத்தில் படுத்திருந்தால் யாருக்கும் குழப்பம் வரும். நேற்றுவரை நன்றாகப் பேசியவர் திடீரென்று மாற்றிப் பேசினால் அதைப் பைத்தியம் என்றோ மனச்சோர்வு என்றோ நினைக்காதீர்கள். உப்புச் சத்துக் குறைவு, கிருமித் தொற்று, மருந்து என்று காரணம் உடம்பில் இருக்கலாம். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். "குடும்ப மானத்தை வாங்கிட்டியே" என்று ஸ்ட்ரெச்சர் பக்கத்திலேயே திட்டுகிற அப்பா அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் அது பயம்தான், கோபமாக வெளியே வருகிறது. ஆனால் படுத்திருக்கிற பிள்ளைக்கு அது எப்படிக் கேட்கும்? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், இப்படி முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் பராமரிப்பும் தர வேண்டும் என்கிறது. ஆகவே போலீஸுக்குப் பயந்து டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். மறைக்கிற ஒவ்வொரு நிமிடமும் சிகிச்சை தாமதமாகும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் முக்கியமான வேலை இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து, டாக்டர்களே பயன்படுத்துகிற இரண்டு கேள்விகளை நம் பேச்சில் கேளுங்கள். "இந்த ரெண்டு வாரமா மனசு பாரமா, எதுவும் நடக்காதுங்கிற மாதிரி இருக்கா? முன்ன பிடிச்ச விஷயத்துல இப்ப ஆர்வமே இல்லாம இருக்கா?" பெரும்பாலான நாட்கள் அப்படித்தான் என்றால், மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். "சாகலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கவும் தயங்காதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள், உடனே உதவி தேடுங்கள்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. வீட்டிலிருந்தே பேச வேண்டுமென்றால் 14416. இது 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104-ஐயும் அழைக்கலாம். இந்த எண்களை எல்லா பிளாக்கிலும் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம்மிடம் பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, தனியாக வாழும் பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். ராத்திரி ஆம்புலன்ஸ் வந்தால் பத்துப் பேர் கீழே இறங்கி வருகிறோம், அது நம் குடியிருப்புக்குப் பெருமைதான். இரண்டு வாரம் கழித்து அந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறவர் யார்? ஒவ்வொரு பிளாக்கிலும் இருவர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். அறிவுரை எதுவும் வேண்டாம். ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு, "தூக்கம் எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு வந்தால் போதும். சி பிளாக்குக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த மனிதர் பிறகு எங்கள் காஷுவாலிட்டிக்கு வரவில்லை. ஒரு நாள் மனநலப் பிரிவு ஓபி வரிசையில், சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். என்னை அடையாளம் கண்டு கையை உயர்த்தினார். அந்தச் சின்ன டாக்டரம்மா கேட்ட கேள்வியை அன்று நானும் அவரிடம் கேட்டேன். "இப்ப தூங்குறேன் சிஸ்டர்" என்றார்.