பட்டத்தை முடிக்க எக்கல்லூரி?
(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



செவிலியர் பட்டயப் படிப்பை முடித்துப் பணியிலிருக்கும் நம் பெண்கள், மேலும் ஈராண்டு பயின்று பி.எஸ்ஸி. நர்சிங் பட்டம் பெற எக்கல்லூரியிற் சேர்வது என்று நம்மிடம் வினவுகின்றனர். நாம் மருத்துவம் கற்றவரல்லோம். இவ்வினாவுக்கு ஒருமுறை தவறாக விடை கூறி, அதன் விளைவை நம் மாணவி ஒருத்தி அனுபவிக்கக் கண்டவர் என்ற தகுதியிலேயே இங்கு நிற்கிறோம்.

1916இல் சுவாமி சகசானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கிய நாளில், நம் முன்னோர்க்குத் தெரிந்தெடுக்கும் வாய்ப்பே இல்லை. இன்றோ கல்லூரிகள் நம் வீட்டு வாயிலுக்கே தரகரை அனுப்புகின்றன. அப்படியொருவர் அம்மாணவியின் வீட்டிற்கு வந்தார். தந்தையார் கடலூர் முதுநகரில் மூட்டை சுமப்பவர். அண்டை மாநிலக் கல்லூரியொன்றின் விளம்பர ஏட்டைக் காட்டி, "ஆண்டிற்கு இருமுறை தேர்வுக்கு வந்தாற் போதும், வேலையை விடவேண்டியதில்லை" என்றார் தரகர். ஏட்டிலிருந்த மாடிக் கட்டடத்தைக் கண்டு நாமும், "சேரலாம் அம்மா" என்று சொல்லிவிட்டோம்.

மூலச் சான்றிதழ்கள் அனைத்தையும் வாங்கி வைத்துக்கொண்டனர். இரண்டாம் ஆண்டில் கட்டணத்தை உயர்த்தினர். கட்ட இயலாதபோது சான்றிதழ்களைத் தர மறுத்தனர். அவ்வேளையில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்திலிருந்து, அரசுச் செவிலியர் பணிக்குச் சான்றிதழ் சரிபார்க்க அழைப்பு வந்தது. அவள் கையில் நகல்களே இருந்தன. பணி போயிற்று. தந்தையார் நம்மை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுவே நமக்குப் பெரிதும் வலித்தது.

நாம் கேட்டிருக்க வேண்டியது கட்டடத்தைப் பற்றியன்று, மருத்துவமனையைப் பற்றி. செவிலியர் கல்லூரிக்கு நூறு படுக்கையேனும் உள்ள தாய் மருத்துவமனை வேண்டும் என்பது விதி. படுக்கை இருந்தாற் போதுமா? அவற்றில் நோயாளிகள் இருக்க வேண்டும். வெறுங்கட்டிலுக்கு ஊசி போட்டுப் பழக இயலாது. வராமலே பட்டம் தருவோம் என்பவரிடம் மேற்கொண்டு பேச்சு வேண்டா. பின்னர், அப்படிப்புக்கு, அவ்வாண்டுக்கு ஒப்புதல் உண்டா என்பதை இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலிலும், தமிழ்நாட்டுக் கல்லூரியாயின் நம் மாநில கவுன்சிலிலும் பார்த்தல் வேண்டும். நான்காண்டுப் படிப்புக்குப் பெற்ற ஒப்புதல் ஈராண்டுப் படிப்புக்குச் செல்லாது.

தரகர் மறைக்கும் மற்றொன்று உதவித்தொகை. மைய அரசு 2021இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை இலட்சத்துக்கு மிகாத ஆதிதிராவிட மாணவர்க்குப் பத்தாம் வகுப்பிற்குப் பிந்திய கல்வி உதவித்தொகை உண்டு. ஆனால் நிருவாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்க்கு அது கிடையாது. தரகர் பெற்றுத் தருவது பெரும்பாலும் அவ்விடமே. அரசுக் கலந்தாய்வில் நமக்கு 18 விழுக்காடு சட்டப்படி உள்ளது. அதை விட்டுவிட்டுப் பணம் கொடுத்து இடம் வாங்குவானேன்?

நமக்கு அருகிலேயே அண்ணாமலைநகர் இருக்கிறது. அங்கு இராசா முத்தையா மருத்துவக் கல்லூரி 1985இல் தோன்றியது; இராணி மெய்யம்மை செவிலியர் கல்லூரியும் உண்டு. நெடுங்காலம் அங்கிருந்த மிகுந்த கட்டணத்தைக் கேட்டு நம்மவர் வாயிலோடு திரும்பினர். மாணவர்கள் பல நாள் போராடிய பின், 2021இல் அவை மாநில அரசின் மருத்துவத் துறையின்கீழ் வந்தன. கட்டணமும் அரசுக் கல்லூரிக் கட்டணமாயிற்று. இச்செய்தி நம் ஊர்களில் பலர்க்கு இன்னும் எட்டவில்லை. எப்படிப்பில் எத்தனை இடம் என்பதை ஒவ்வோராண்டும் நேரிற் சென்று கேளுங்கள். சென்ற ஆண்டுச் செய்தியை நம்ப வேண்டா.

சான்றிதழ் பற்றியும் ஒரு சொல். சரிபார்த்தவுடன் மூலச் சான்றிதழ்களைத் திருப்பித் தர வேண்டும் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்துள்ளது. தர மறுப்பின் எழுத்தில் கேளுங்கள். கடலூரில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

அப்பெண் ஈராண்டு அலைந்து சான்றிதழ்களை மீட்டாள். சென்ற ஆண்டு வேறொரு கல்லூரியைப் பார்க்கச் சென்றபோது நாமும் உடன் பேருந்தேறினோம். கல்லூரிக்குள் நுழையுமுன் மருத்துவமனைக்குச் சென்றாள். நாம் வாயிற்காவலருடன் பேசிக்கொண்டிருக்க, அவள் வார்டு வார்டாகச் சென்று, நோயாளிகள் உள்ள படுக்கைகளை மட்டும் எண்ணிக்கொண்டு வந்தாள்.